கேரனேடா, நீள் பீரங்கியா?

ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் பக்கம் கேரன் என்றொரு ஆறு. அதன் கரையில் 1759இல் இரும்பாலை வந்தது. ஊருக்கும் அதே பெயர். அங்கே கப்பல்களுக்காக வார்த்த குட்டைப் பீரங்கிக்கும் 'கேரனேடு' என்றே பெயர் விழுந்தது.

எடையில் போட்டியே இல்லை. 32 பவுண்டு குண்டு போடும் நீள் பீரங்கி ஏறக்குறைய இரண்டே முக்கால் டன். அதே குண்டைப் போடும் கேரனேடு ஒரு டன்னைக்கூடத் தொடாது. குண்டுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி குறைவு. அதனால் கொஞ்சம் வெடிமருந்தே போதும். எடை குறைவு என்பதால் ஆளும் குறைவு. கிட்டத்தில் இது ராட்சசன். 1805 டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டனின் விக்டரி கப்பலின் 68 பவுண்டு கேரனேடு, ஒரு குண்டோடு 500 துப்பாக்கி ரவை அடைத்த பீப்பாயையும் சேர்த்து பிரெஞ்சுக் கப்பலின் பின்பக்கச் சன்னல்களுக்குள் கக்கியது.

சரக்குக் கப்பலுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேரனேடுதான் என்பேன். போர்க்கப்பலை இதை மட்டும் நம்பி அனுப்புவது வேறு கதை; இதன் குண்டு தூரம் எட்டாது. 1814இல் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகம் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் எசெக்ஸ் மாட்டிக்கொண்டது: 46 பீரங்கிகளில் 40 கேரனேடுகள். பிரிட்டனின் ஃபீபி கப்பல் எட்ட நின்றே நீள் பீரங்கிகளால் நொறுக்கிவிட்டது. இத்தனைக்கும் கேரனேடு வேண்டாமென்று எசெக்ஸின் கேப்டன் போர்ட்டர் முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.