5 அடி செடித் தொட்டியில் 4 கோடை: விளக்கும் சிஓ2வும்

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மீனும் நீர்ச்செடியும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். மண், கல், கட்டை எல்லாம் போக 450 லிட்டர் தண்ணீர் நிற்கும். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது, உனக்கு வீட்டுக்குள் குளம் கேட்கிறதா என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்து முடித்துவிட்டார்கள். 4 கோடை தாண்டியாயிற்று. பெரிய தொட்டி வைக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் விளக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன், அதுதான் தப்பு.

முதல் வருடம் 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட் மூன்று வாங்கி, கூரைக் கொக்கியிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டேன். 6500 கெல்வின் வெள்ளை, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைப்பதுதான். "மீனுக்கு எதுக்குடா கல்யாண மண்டப வெளிச்சம்?" என்றார் அம்மா. விளக்கில் குறையில்லை, செடி அருமையாக வளர்ந்தது. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற சிஓ2, அதாவது செடிக்குச் சாப்பாடான கரியமில வாயு, தண்ணீரில் இல்லை. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாத கதைதான். மூன்றாவது வாரமே கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், அப்புறம் நூல் பாசி, கடைசியாக அனுபியாஸ் செடியின் இலை ஓரமெல்லாம் கருந்தாடிப் பாசி. பல் துலக்கும் பிரஷ்ஷோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று எனக்கே கணக்கில்லை.

ஃப்ளட் லைட்டில் வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லை. சங்கிலியை ஏற்றினால் செடிக்குப் போவது குறையும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் கண் கூசும். ஒரு வருடம் பொறுத்துவிட்டு, டிம்மர் உள்ள நீளமான எல்இடி விளக்கு ஒன்று வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கும் லூமனை வைத்து முடிவெடுக்காதீர்கள். லூமன் மனுஷக் கண்ணுக்கான கணக்கு. செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, அதை அளக்கத்தான் பார் (PAR) மீட்டர். இரவல் வாங்கி அளந்ததில், 100 சதவீதத்தில் வைத்தபோது மண் மட்டத்தில் 100க்கு மேல் காட்டியது. இப்போது பாதிக்கும் கீழே இறக்கி, மண் மட்டத்தில் 45 வாக்கில் நிறுத்தி, ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான் எரிய விடுகிறேன். ஆக, காசு கொடுத்து வாங்கிய விளக்கில் பாதி சும்மா கிடக்கிறது.

சிஓ2வுக்கு வருகிறேன். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில் இவ்வளவு தண்ணீருக்கு வேலைக்கு ஆகாது. இன்று பொங்கும், நாலு நாளில் தூங்கிவிடும். கூடிக் கூடிக் குறையும் சிஓ2தான் கருந்தாடிப் பாசிக்குக் கொண்டாட்டம். 5 கிலோ சிலிண்டர் வாங்கினேன். வெல்டிங் கேஸ், தீயணைப்புக் கருவி விற்பவர்களிடம் விசாரித்தால் நிரப்புமிடம் தெரிந்துவிடும். எனக்கு ஒரு தடவை நிரப்பினால் ஏறக்குறைய 7 மாதம் வருகிறது. ரெகுலேட்டர் வாங்கும் முன் அதன் மரை நம் ஊர் சிலிண்டர் வால்வுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பொருந்தவில்லை, அடாப்டருக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன்.

கேஸைப் பொடிக் குமிழியாகத் தண்ணீரில் விடும் பீங்கான் டிஃப்யூசரை இந்த அளவுத் தொட்டிக்கு வாங்காதீர்கள். பாதிக் குமிழி மேலே போய் உடைந்துவிடுகிறது. ஆர்ஓ மெஷினில் வரும் 10 அங்குல ஃபில்டர் ஹவுசிங்கை உள்ளே எதுவும் போடாமல் தொட்டிக்கு வெளியே நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் வெளிவாய்க் குழாயில் இணைத்து அதற்குள் சிஓ2வை விட்டேன். கேஸ் அங்கேயே கரைந்துவிடுகிறது, தொட்டியில் குமிழியே தெரிவதில்லை. தண்ணீரின் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

எங்கள் போர் தண்ணீரில் கார்பனேட் கடினம் 12 டிகிரி, பிஎச் 8.1. சிஓ2 கரையக் கரைய பிஎச் இறங்கும்; 7.1க்கு இறங்கினால் சிஓ2 ஏறக்குறைய 30 பிபிஎம். பிஎச் 1 இறங்கினால் சிஓ2 பத்து மடங்கு ஏறுகிறது என்று அர்த்தம். சிஓ2 அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளானால் ஆபத்து. ஆனால் அது ஒன்று இரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் நிறம் மாறும். அதை விட மீனைப் பாருங்கள்.

நானும் பார்த்தேன், தாமதமாக. சிஓ2வைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டை முள் வைத்த மெக்கானிக்கல் டைமரில் சாதாரண பிளக்கில் போட்டிருந்தேன். விளக்கும் ஃபில்டரும் இன்வெர்ட்டரில். மாதாந்திரப் பராமரிப்புக்காக 5 மணி நேரம் கரண்ட் போன நாளில் டைமரும் 5 மணி நேரம் நின்றுவிட்டது. விளக்கு அணைந்த பிறகும் கேஸ் போய்க்கொண்டே இருந்தது. இருட்டில் செடி சிஓ2வை எடுக்காது, அதுவும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும். இரவு 11 மணிக்குப் பார்த்தால் ரம்மி நோஸ் மீன் கூட்டம் முழுக்க மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஏர் பம்ப் போட்டும் 11 மீன் போய்விட்டது. மறுநாளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினேன். கேஸ் இப்போது விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்கி, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்கிறது.

அப்புறம் வேலூர் கத்திரி. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதோடு சிஓ2வும் கூடினால் மீன் தாங்காது. சிறு ஃபேன் இரண்டை மேற்பரப்பில் அடிக்கவிட்டால் 2, 3 டிகிரி இறங்குகிறது. ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன், போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் கடினம் ஏறும். மே மாதம் விளக்கு 6 மணி நேரம், கேஸும் குறைவு. சிவப்புச் செடிகள் இதில் வெளுத்துப் போகின்றன. நான் அந்த ஆசையை விட்டுவிட்டேன். வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஓரமாகக் கொஞ்சம் ரோட்டாலா, போதும்.

சிலிண்டருக்கும் இந்த வெயில் பிடிக்காது. 31 டிகிரிக்கு மேல் சிஓ2 திரவமாகவே இருக்காது, அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். மார்கழியில் 60 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) கீழே நின்ற ரெகுலேட்டர் முள், மே மாதம் 80ஐத் தாண்டியது. மாடிப்படிக்குக் கீழே நிழலில், சுவரோடு சங்கிலி போட்டு வைத்திருக்கிறேன். முழுக்க முழுக்க அடைக்கச் சொல்லி நிரப்புபவரிடம் அடம்பிடிப்பதுமில்லை. மீதி எவ்வளவு என்பதை முள்ளை நம்பாமல் எடை போட்டுத்தான் பார்க்கிறேன், காலி எடை சிலிண்டர் தோளிலேயே பொறித்திருக்கும். நேற்று போட்டதில் இன்னும் 1.8 கிலோ கேஸ் இருக்கிறது. ஆவணி வரை ஓடும்.