இன்குபேட்டர் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்: எனக்கு 23,500 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரிதான் பொரிக்காமல் போன கடைசி முட்டையை உடைத்துப் பார்த்து முடித்தேன். சோப்பு போட்டுக் கழுவியும் கையில் அந்த நாற்றம் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எனக்கு இன்குபேட்டர் விற்ற அதே ஆள் அதே விளம்பரத்தை நேற்றும் போட்டிருக்கிறான். கீழே நாலு பேர் "விலை என்னண்ணே" என்று கேட்டிருக்கிறார்கள்.

போனது இன்குபேட்டருக்கு, அதாவது முட்டை பொரிக்கிற மிஷினுக்கு, லாரி வாடகையோடு சேர்த்து 23,500 ரூபாய். அடைமுட்டைக்கு 4,000 ரூபாய். மொத்தம் 27,500. செங்குன்றம், விளாங்காடுபாக்கம், மணலி புதுநகர் பக்கம் கொஞ்சம் இடத்தை வைத்துக்கொண்டு சிறுவிடை, பெருவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காசு என்று தெரியும். ஏலச்சீட்டில் தள்ளி எடுத்த பணம் அது.

தளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்கிற மாதிரி ஒரு ஆன்லைன் சந்தை. விற்றவன் இன்குபேட்டர் செய்து தருகிற வெளியூர்ப் பட்டறைக்காரன். "200 முட்டை, ஃபுல்லி ஆட்டோமேட்டிக், 90 சதவீதம் பொரிப்பு உத்தரவாதம், ஒரு வருஷம் வாரண்டி" என்று போட்டிருந்தான்.

விளம்பரத்தைப் பார்த்து நான் நம்பவில்லை. நம்ப வைத்தது அவன் பேச்சு. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே முட்டையைப் பற்றித்தான் கேட்டான். "அண்ணே, சேவல் ஓடுற வீட்டு முட்டையா பாத்து வாங்குங்க. எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவலாவது இருக்கணும். ஏழு நாளுக்கு மேல சேத்து வைக்காதீங்க, கூர்முனை கீழ இருக்கிற மாதிரி அடுக்குங்க, ஃபிரிட்ஜ்ல மட்டும் வெச்சிடாதீங்க." அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தப்பில்லை. "நானும் கோழி வளக்குறவன்தாண்ணே, கோழிக்காரன் கோழிக்காரனை ஏமாத்துவானா" என்றான். தொழில் தெரிந்தவன், அதனால் நேர்மையாகத்தான் இருப்பான் என்று அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டேன். 10,000 அட்வான்ஸ். வீடியோ காலில் மிஷின் ஓடுவதைக் காட்டினான். கண்ணாடிக் கதவு, உள்ளே 37.5 என்று சிவப்பு எழுத்து, டிரே முழுக்க மஞ்சளும் கறுப்புமாகக் குஞ்சுகள். மீதி 13,500 ரூபாயையும் அன்றைக்கே யுபிஐயில் அனுப்பினேன்.

அந்த வீடியோவை இப்போது பத்துத் தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். டிரேயில் ஒரு முட்டை ஓடு கூடக் கிடையாது. பொரிக்கிற டிரே எப்படி இருக்கும்? உடைந்த ஓடு, உள்சவ்வு, பச்சையும் மஞ்சளுமாக எச்சம், பாதி ஈரத்தோடு கிடக்கிற இரண்டு குஞ்சு, பக்கத்தில் மூக்கு மட்டும் வெளியே நீட்டிய முட்டை ஒன்று. இதில் எல்லாக் குஞ்சும் காய்ந்து பஞ்சு மாதிரி ஒரே அளவில் நிற்கிறது. ஹேச்சரியில் ஒருநாள் குஞ்சு வாங்கி வந்து உள்ளே விட்டிருக்கிறான். பொரிப்பு வீடியோ என்று எவன் அனுப்பினாலும் முதலில் முட்டை ஓடு கிடக்கிறதா என்று தேடுங்கள்.

மாதவரம் லாரி ஆபீசில் பெட்டியைக் கட்டுப் பிரிக்காமலே கையெழுத்து வாங்கினார்கள். வீட்டில் பிரித்தால் ஃபைபர் பாடி என்று சொன்னது பிளைவுட். உள்ளே தெர்மாகோல் ஒட்டியிருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நாலு இஞ்ச் ஃபேன் இரண்டு இருக்கும் என்றான், பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஒரே ஒரு ஃபேன் மேல்பக்கம் மட்டும் சுற்றுகிறது. போன் செய்தேன். "ஃபைபர் ஸ்டாக் இல்லண்ணே, பிளைவுட்தான் சூட்டைப் பிடிச்சு வெக்கும், உங்களுக்கு இன்னும் நல்லது." பிளைவுட் சூடு தாங்கும் என்பது உண்மைதான் என்பதால் அதையும் விட்டுவிட்டேன். ஒருநாள் வெறும் பெட்டியாக ஓடவிட்டேன். 37.5, 37.6 என்றே காட்டிக்கொண்டிருந்தது. பொன்னேரிப் பக்கம் தெரிந்த வீடுகளில் 25 ரூபாய் வீதம் 160 சிறுவிடை முட்டை சேர்த்து வைத்தேன்.

கணக்கைச் சொல்கிறேன், "முட்டை சரியில்லை" என்று பிறகு அவன் சொன்ன பொய்க்கு இதுதான் பதில். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் மேல், நடு, கீழ் என்று எந்த டிரே என்பதை எழுதியிருந்தேன். (பேனா, மார்க்கர் வேண்டாம். ஓட்டில் நுண்துளை இருக்கிறது, மை உள்ளே இறங்கும்.) 7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்ததில் 160க்கு 22தான் கூமுட்டை. மீதி 138இல் சிலந்தி மாதிரி ரத்த நாளம் ஓடியிருந்தது. அது நல்ல முட்டை, சந்தேகமே வேண்டாம். 14ஆம் நாள் 31 முட்டையில் நாளம் கலைந்து ரத்த வளையம், அல்லது ஆட்டமில்லாத கறுப்புத் திட்டு, அதாவது கரு செத்துவிட்டது. 18ஆம் நாள் பொரிப்புக்கு விட்டது 107. 19ஆம் நாள் ராத்திரியே மேல்டிரே முட்டைகள் கொத்த ஆரம்பித்தன. 21 நாள் ஆக வேண்டியது 19இல் கொத்தும்போதே வயிற்றைக் கலக்கியது. 11 குஞ்சு வந்தது. தொப்புள் மூடாமல் கறுப்புப் பொத்தான் மாதிரி துருத்திக்கொண்டு ஏழு குஞ்சு, மூன்று நாளில் ஒவ்வொன்றாகச் செத்தது. 22, 23ஆம் நாள் வரை காத்திருந்தேன். நடு டிரேயும் கீழ் டிரேயும் அசையவே இல்லை. மிச்சம் 96 முட்டையும் ஓட்டுக்குள்ளேயே சாவு.

24ஆம் நாள் உடைத்துப் பார்த்தேன். இதைச் செய்ய மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். ஏன் செத்தது என்பதை முட்டையே சொல்லும். கீழ் டிரேயில் குஞ்சு முழுசாக வளர்ந்திருக்கிறது, ஆனால் மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகாமல் வெளியே தொங்குகிறது, அலகு காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் காற்று இருக்கிற இடம்) பக்கமே திரும்பவில்லை. அது சூடு பற்றாமல் வளர்ச்சி பின்தங்கியதன் அடையாளம். நடு டிரேயில் ஒருபக்கத்து இறகும் தோலும் உள்சவ்வோடு ஒட்டியிருந்தது. அது முட்டை சரியாகத் திரும்பாததால் வருவது. மேல் டிரேயில் வந்தது நான் முன்னால் சொன்ன தொப்புள் பிரச்சினை, சூடு அதிகமானால் அப்படித்தான். ஒரே பெட்டிக்குள் மூன்று விதமான சாவு.

பிறகுதான் பெட்டியைக் கழற்றினேன். டெம்பரேச்சர் சென்சாரை ஃபேனுக்கு நேர் கீழே, சூடு தருகிற பல்புக்குப் பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறான். அந்த இடத்தில் எப்போதும் 37.5 இருக்கும், கன்ட்ரோலரும் அதைத்தான் காட்டும். முட்டைக்கு என்ன சூடு என்பது அதற்குத் தெரியாது. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சின்ன பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றி, நுனி தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி கட்டி, ஒவ்வொரு டிரேயிலும் முட்டை உயரத்தில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, அதன்பிறகு ஆன் செய்து பார்த்தேன். மேல் மூலையில் 38.9. கீழ் மூலையில் 35.4. ஃபேன் வைத்த மிஷினில் 37.5 முதல் 37.8 வரைதான் இருக்க வேண்டும். நாள் கணக்கில் ஒரு டிகிரி நழுவினாலே கரு தாங்காது, இங்கே மூன்றரை டிகிரி வித்தியாசம்.

டிரேயைச் சாய்க்கிற கியர் மோட்டார் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் டிரேயோடு அதை இணைக்கிற கம்பிக்குப் பதில் நைலான் கயிறு. முட்டை வெயிட் ஏறியதும் கயிறு தொய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய வேண்டியது 15, 20 டிகிரிகூட சாயவில்லை. காலி டிரேயில் அழகாகச் சாய்ந்தது. அதனால்தான் வெறும் பெட்டி ஓட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. ஈரப்பத மீட்டர் எப்போதும் 60 என்றே நின்றது. ஒரு மூடியில் உப்பை ஈரமாகப் பிசைந்து, மீட்டரோடு சேர்த்து டப்பாவில் ஆறேழு மணி நேரம் மூடி வைத்தால் நல்ல மீட்டர் 75க்கு வர வேண்டும். இது அப்போதும் 60. செத்த மீட்டர்.

இதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினேன். பதிலை வரிசையாகக் கேளுங்கள். முதல் தடவை, "கூமுட்டைண்ணே, முட்டைக்காரன் உங்கள ஏமாத்திட்டான்." 138 முட்டையில் நாளம் ஓடிய போட்டோவை அனுப்பினேன். இரண்டாம் தடவை, "உங்க ஏரியாவுல கரண்ட் ஏத்த இறக்கம்." மூன்றாம் தடவை, "தண்ணி ஊத்தியிருக்க மாட்டீங்க." வடசென்னைக் கடற்காற்றின் ஈரம் தெரிந்தவன் இதைச் சொல்ல மாட்டான். இங்கே முதல் 18 நாளுக்கு 55, 60 சதவீதம் வர ஒரு கிண்ணம் தண்ணீரே பெரும்பாலும் போதும். கடைசி மூன்று நாள்தான் 65, 70க்கு ஏற்ற வேண்டும், அதற்குத் தண்ணீரைக் கூட்டித்தான் வைத்தேன். நாலாம் தடவை, "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்." ஐந்தாம் தடவை, மிஷினை என் செலவில் திருப்பி அனுப்பினால் "பாத்துட்டு சொல்றேன்" என்றான். பணத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறியது. "23,500 ரூபாய்க்கு என்ன பாரின் மிஷினா எதிர்பாக்குறீங்க?" அண்ணே என்று கூப்பிட்டவன்தான். அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். வேறு நம்பரில் இருந்து கூப்பிட்டேன், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

தளத்து கஸ்டமர் கேரில் இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு, "பணம் எங்க மூலமா போகல சார், அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல" என்றார்கள். விளம்பரத்தையாவது எடுங்கள் என்றால், புகார் பதிவாகிவிட்டது என்று ஒரு மெசேஜ். விளம்பரம் அங்கேயேதான் இருக்கிறது.

2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நானும் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச வாய் வரவில்லை. மாதாமாதம் பணம் தருகிறேன் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை. 21 நாள் 37.5 டிகிரியில் நிற்கிற ஒரு பெட்டியைத்தான் கேட்டேன். நாலு கிலோமீட்டரில் மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது, கோழியின ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். நேரில் போய் எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்டுவிட்டு வந்திருக்கலாம். போனில் பேசியவனை நம்பினேன்.

நல்ல இன்குபேட்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். லாரி ஆபீசிலேயே பிரித்துப் பார்த்து, வீடியோ எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். டிஸ்ப்ளேவை நம்பாதீர்கள், தண்ணீர்ப் பை தெர்மாமீட்டரை மூன்று டிரேயிலும் வையுங்கள். டிரேயில் வெயிட் ஏற்றி 45 டிகிரி சாய்கிறதா என்று பாருங்கள், கடையில் வாங்குகிற சாதாரண முட்டை போதும். முதல் தடவை பொரிக்க 20 முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், நான் 160 வைத்தேன். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், பொருள் சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, அங்கேயும் போடப் போகிறேன். ரசீது இல்லை, யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டும் அந்த வீடியோவும்தான் கையில் இருக்கிறது. இதே மாதிரி பிளைவுட் பெட்டி, நைலான் கயிறு, ஒற்றை ஃபேன் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போடலாம்.

11இல் தப்பியது நாலு. பஞ்சாரத்துக்குள் உமி இரண்டு இஞ்ச் போட்டு பல்பு கட்டியிருக்கிறேன், முதல் வாரத்துக்கு 35 டிகிரி. பல்பை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கிப் படுக்கின்றன, சூடு கூடிவிட்டது போல. போய் அரை அடி உயர்த்திக் கட்ட வேண்டும். 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து நாளை மறுநாள்.