கடையில் 6 வருடமாக நான் அழுத்தும் ஸ்டார்ட்அப் கீகள்

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். 6 வருடமாக 3 கம்ப்யூட்டர் ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ், ஒரு எச்பி லேப்டாப், அப்புறம் ஒரு அசெம்பிள்டு பெட்டி. விண்டோஸ் வருவதற்கு முன் இருக்கும் அந்தச் சில விநாடிகளைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

கீகளில் எனக்குப் பிடித்தது டெல்தான். எஃப்2 அழுத்தினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை. எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து பூட் செய்யலாம், அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பலாம் என்ற பட்டியல். எஃப்12இல் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், பூட் வரிசை மாறாது. லினக்ஸ் பென் டிரைவ் போட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுக்க இது போதும். எச்பியில் முதலில் எஸ்கேப் அழுத்த வேண்டும், ஒரு மெனு வரும். அதில் எஃப்9 பூட்டுக்கு, எஃப்10 பயாஸுக்கு, எஃப்2 ஹார்டுவேர் சோதனைக்கு. ஒரு படி கூடுதல் என்றாலும் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அசெம்பிள்டு பெட்டிகளில் பயாஸுக்குப் பெரும்பாலும் டெலிட் கீ. பூட் மெனு மட்டும் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும்: ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11, ஆசுஸில் எஃப்8. ஒவ்வொரு பெட்டி மேலும் கீயை எழுதி டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

எத்தனை தடவை அழுத்தினாலும் கீ பிடிக்கவில்லையா? பயாஸில் ஃபாஸ்ட் பூட் போட்டிருந்தால் யூஎஸ்பி கீபோர்டைக் கண்டுகொள்ளாமலே விண்டோஸுக்குப் போய்விடலாம். புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் அந்த நேரத்தில் வேலையே செய்யாது. ஒயர் கீபோர்டை சிபியுவின் பின்பக்கம் நேராகச் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸுக்குள் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று பயாஸுக்குள் போகலாம். கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

பயாஸுக்குள் எனக்கு நிஜமாகவே உழைத்தவை டெல்லில் இருக்கும் இரண்டு ஆப்ஷன்கள். ஒன்று ஆட்டோ ஆன் டைம். கடை திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், திங்கள் முதல் வெள்ளி வரை, அதுவே ஆன் ஆகிவிடும். நான் ஷட்டரைத் தூக்கும்போது லாகின் திரை தயாராக இருக்கும். இன்னொன்று ஏசி ரிகவரி, அதாவது கரண்ட் போய் வந்தால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பது. ஆரம்பத்தில் பவர் ஆன் என்று வைத்திருந்தேன். வேலூர் அக்னி நட்சத்திரம் உங்களுக்கே தெரியும். ஒரு மே மாதம் கரண்ட் போய்ப் போய் வந்தது, யூபிஎஸ் பேட்டரியும் சாகும் நிலையில் இருந்தது. பாதி பூட்டில் அணைவதும் மறுபடி எழுவதுமாக பெட்டி 4, 5 தடவை அடி வாங்கியது. அன்றைக்கே பவர் ஆஃப் என்று மாற்றினேன். நல்ல யூபிஎஸ் இல்லாத இடத்தில் அதுதான் சரி. கரண்ட் நிலையானதும் நாமே பட்டனை அழுத்திக்கொள்ளலாம்.

லேப்டாப் பயாஸில் செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு செட்டிங்ஸ் பக்கம் கை வைப்பதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிகவரி கீயை எழுதி வையுங்கள். 48 இலக்கம். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமையை மட்டும் என்னால் மறக்க முடியாது. குறைதீர் நாள், வாசல் வரை கூட்டம். அதற்கு முன்பே சில வாரமாக அசெம்பிள்டு பெட்டி காலையில் தேதியைப் பழைய வருடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தேதி தப்பாக இருந்ததால் அரசு இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டும். தேதியைச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு எஃப்1 அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிட்டது. "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்", அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை. அணைக்கட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அம்மா ஒருவர், "தம்பி, 11 மணிக்குள்ள உள்ள போகணும்பா" என்று நின்றார். அவருடைய பட்டா மனு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. போனில் கேட்ட மெக்கானிக் ஃபார்மட் என்றார்.

பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் பெட்டி வாங்கிய வாரமே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் முறை, ஏஎச்சிஐயில் இருக்க வேண்டியது, ஐடிஇ என்று மாறியிருந்தது. கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் செட்டிங்ஸையும் காக்க மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கிறது. ஏஎச்சிஐ என்று மாற்றி எஃப்10 அழுத்தி சேவ் செய்தேன், விண்டோஸ் வந்தது. 10:40க்கு மனுவை பிரிண்ட் எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்த 3 வோல்ட் பேட்டரியை 40 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். டெல்லுக்கும் ஒன்று சேர்த்தே மாற்றினேன், அதுவும் அதே வயசுதான்.