கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் சப்வூஃபர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

காருடன் வந்த ஸ்டீரியோவில் பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்றால், முன்பெல்லாம் அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடுவார்கள். இப்போது அது அவ்வளவு எளிதில்லை. பின்புறக் கேமரா தெரிவது அதே திரையில்தான். ஏசி, ஸ்டீயரிங் பொத்தான்கள், எச்சரிக்கைச் செய்திகள் எல்லாமே அதனோடு பிணைந்திருக்கின்றன. அதனால் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஒலியின் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரையும் (சுருக்கமாக ஆம்ப்), தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் என்ற ஸ்பீக்கரையும் மட்டும் சேர்த்தேன். முதலில் இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டை வகை. பிறகு டிக்கியில் பத்து அங்குலப் பெட்டி. இரண்டையும் நன்றாகவே பழகிவிட்டேன். பலர் எதிர்பார்க்காத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சப்வூஃபர் வந்ததால் என் காரில் அதிகம் மேம்பட்டது பாடுபவரின் குரல்.

காரணம் கதவில் இருக்கிறது. கதவில் பொதுவாகப் பொருத்தப்படும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற அளவு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) கீழே வேகமாகத் தளர்ந்துவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு கீழே ஒலி எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஸ்பீக்கரின் அந்தச் சிறிய கோன் (அதிரும் கூம்பு) முன்னும் பின்னும் பெரிதாக ஆடியே அதைச் செய்ய முயல்கிறது. குரலையும் வயலினையும் தருவது அதே கோன்தான். டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் கலங்குவது இதனால்தான்.

கம்பெனி ஸ்டீரியோவின் சக்தியும் குறைவு. விளம்பரத்தில் '50 வாட், நான்கு ஸ்பீக்கர்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 14.4 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் ஒரு சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டுக்குள்தான். நடைமுறையில் 15 முதல் 20 வாட். குரலுக்கு அது தாராளம், பேஸுக்கு எட்டாது.

நம் காதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 1933-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு, ஒலியளவு குறையும்போது தாழ்ந்த ஒலிகளை உணரும் திறன் காதுக்கு மிக அதிகமாகக் குறைவதைக் காட்டியது. இதோடு சாலை இரைச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரும் எஞ்சினும் எழுப்பும் உறுமலில் பெரும்பகுதி பேஸ் இருக்கும் அதே தாழ்ந்த எல்லையில்தான் விழுகிறது. கார் நிற்கும்போது நிறைவாகக் கேட்ட பாட்டு, நெடுஞ்சாலையில் ஏறியதும் எலும்பும் தோலுமாகிவிடுகிறது. உடனே ஒலியைக் கூட்டுகிறோம், கதவு ஸ்பீக்கர் மேலும் திணறுகிறது. சப்வூஃபர் வந்த பிறகு நான் பாட்டை முன்பைவிடக் குறைந்த ஒலியில்தான் கேட்கிறேன். அருகில் அமர்ந்திருப்பவர்களுடன் பேசவும் முடிகிறது.

இருக்கைக்கு அடியில் வைத்ததைப் பற்றி நல்ல வார்த்தைகள்தான் சொல்ல வேண்டும். எட்டு அங்குல ஸ்பீக்கர், உள்ளேயே ஆம்ப், எல்லாம் ஒரே மெல்லிய பெட்டியில்; டிக்கி முழுவதும் காலியாகவே இருந்தது. 50 ஹெர்ட்ஸ் வரை நன்றாகவே ஒலித்தது. அதற்குக் கீழே இருக்கை அதிர்ந்ததே தவிர, ஒலி பெரிதாக இல்லை. வாங்குவதற்கு முன் இருக்கையை முன்னும் பின்னும் முழுவதுமாக நகர்த்தி, எல்லா நிலையிலும் இடைவெளியை அளந்துவிடுங்கள். பின்னிருக்கைக்குக் காற்று கொண்டுசெல்லும் குழாய் பல கார்களில் அங்கேதான் ஓடுகிறது. மழைக்காலத்தில் ஈரக் காலணிகள் படும் இடமும் அதுவே. என் கணிப்பில், கேட்பவர்களில் பாதிப் பேர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு பெட்டிக்கு மாறினேன். மூடிய பெட்டியா, துளையுள்ள பெட்டியா என்று முடிவில்லாமல் வாதம் நடக்கும். துளையுள்ள பெட்டி குறைந்த சக்தியில் அதிக முழக்கம் தரும். அதற்கு அளவும் பெரிதாக வேண்டும். துளையின் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த ஏதும் இல்லாததால், மிகத் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டியே தீர வேண்டும். மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே சுருள்வில்லாக நின்று கோனைக் கட்டுப்படுத்துகிறது. அதன் ஒலி கீழே போகப்போக அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும் 12 டெசிபல் வீதம் மெதுவாகக் குறையும், துளையுள்ளதில் 24. இங்கே காரின் உட்புறம் உதவிக்கு வருகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர், காருக்குள் அது முழுவதும் அடங்காது. அத்தகைய சிறிய மூடிய இடத்தில் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே வலுப்பெறுகின்றன. மூடிய பெட்டி இழப்பதில் பெரும்பகுதியைக் கார் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சுமார் 20 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி விழுந்த இடத்திலேயே நிற்கிறது, வால் நீள்வதில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இனி சிக்கலான பகுதி: கம்பெனி ஸ்டீரியோவிலிருந்து சிக்னலை எடுப்பது. பெரும்பாலான கம்பெனி ஸ்டீரியோக்களில் ஆர்சிஏ வெளியீடு (ஆம்ப்புக்குச் சிக்னல் கொடுக்கும் தனி இணைப்பு) இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். சில ஆம்ப்கள் அதை நேரடியாக ஏற்கும். மற்றவற்றுக்கு, அந்தச் சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் ஒரு கன்வெர்ட்டர் இடையில் தேவை. இதுவரை சுலபம். ஆனால் அந்த வயரில் வருவது பாட்டின் உண்மையான வடிவம் இல்லை. தன் சிறிய ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடாமல் இருக்க, ஒலியைக் கூட்டக் கூட்ட பேஸை மட்டும் ஸ்டீரியோவே அடக்கிவிடும்படி பல தயாரிப்பாளர்கள் அமைத்திருக்கிறார்கள். இதைச் சரிபார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். 40 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒலியளவை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஸ்பீக்கர் வயரில் ஏசி வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 200 ஹெர்ட்ஸில் அதையே செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் கவலையில்லை. என் காரில் ஒலியளவு பாதியைத் தாண்டியதும் 200 ஏறிக்கொண்டே போனது, 40 அப்படியே நின்றுவிட்டது. இந்த நிலையில் எவ்வளவு பெரிய சப்வூஃபரை மாட்டினாலும், ஒலியைக் கூட்டும்போது அது பின்வாங்கத்தான் செய்யும். அடக்கப்பட்ட பேஸை ஒலியளவுக்கு ஏற்ப மீட்டுக் கொடுக்கும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் போட்ட பிறகுதான் வேலை முடிந்தது. சப்வூஃபரின் அளவைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று, இரைச்சல் நீக்கும் வசதி. சில கார்களில் கூரையில் மைக் வைத்து, எஞ்சின் உறுமலைக் கேட்டு, அதற்கு எதிரான அலையை ஸ்பீக்கர் வழியாக அனுப்புவார்கள். அந்த எதிரலை சப்வூஃபர் வழியாகவும் போனால் கணக்கு குலைந்து, பாட்டே ஓடாதபோதும் காருக்குள் ஒரு முனகல் கேட்கும். நண்பர் ஒருவரின் காரில் அந்த வசதியைத் துண்டித்த பிறகே அது அடங்கியது.

மின்சாரப் பக்கம். என் ஆம்ப் 2 ஓமில் 200 வாட் தரும் டி வகுப்பு, அதாவது மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை. 80 சதவீதத் திறன் என்று வைத்தால், முழுவீச்சில் 13.8 வோல்ட்டில் சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். பாட்டில் சராசரி இதைவிட மிகக் குறைவு. எனவே ஆல்டர்னேட்டரை மாற்றத் தேவையில்லை. 8 கேஜ் செம்பு வயரைப் பேட்டரியிலிருந்து நேராகக் கொண்டுவந்தேன். வயர் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே பளபளக்கும், ஆனால் அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். அது இருப்பது வயரைக் காக்க; ஆம்ப்புக்கு அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் இருக்கும். விபத்தில் அந்த வயர் நசுங்கி காரின் உலோக உடலோடு உரசினால், தீக்கும் நமக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு ஃபியூஸ்தான்.

எர்த் வயரை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டி, பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் முடுக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால் முதலில் இங்கே பாருங்கள். பிறகு, பவர் வயரும் சிக்னல் வயரும் அருகருகே ஓடுகின்றனவா என்று பாருங்கள். காரின் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்பதே நல்லது. புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில், மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். எர்த் வயரை நேரே அந்த முனையில் கட்டினால், ஆம்ப் இழுக்கும் மின்சாரம் அதன் கணக்கில் வராமல் போய்விடும்.

தானாக விழித்துக்கொள்ளும் ஆம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் வயரில் இருக்கும் டிசி வோல்ட்டேஜைப் பார்த்து ஆன் ஆகும் வசதி அழகானது. ஆனால் என் ஸ்டீரியோ, சாவியை எடுத்த பின்னும் நெடுநேரம் முழுமையாக உறங்குவதில்லை. ஆம்ப்பும் உடன் விழித்திருந்து பேட்டரியைத் தின்றது. ஃபியூஸ் பெட்டியில் சாவியோடு அணையும் ஓர் இணைப்பிலிருந்து, ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயரை எடுத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கெயின் திருகு ஒலியைக் கூட்டுவதற்கானது இல்லை, ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கானது. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, ஆம்ப் வெளியீட்டை அளந்தேன். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எட்ட வேண்டிய வோல்ட் கிடைக்கும். 200 வாட், 2 ஓம் என்றால் 20 வோல்ட். அதைத் தாண்டித் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடேறும். கிராஸ்ஓவர், அதாவது சப்வூஃபர் எந்த ஒலி வரை தர வேண்டும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதையே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு செய்த ஒரு சிறு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கதவு ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தொடர் இணைப்பில் சுமார் 400 மைக்ரோஃபாரட் துருவமற்ற கெபாசிட்டர் ஒன்று. 4 ஓம் ஸ்பீக்கரில் இது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸை மெல்லக் குறைக்கிறது. சப்வூஃபருக்கான சிக்னலை ஸ்டீரியோவின் பின்புறத்திலேயே எடுத்துவிட்டதால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதுவரை இரண்டு வேலை பார்த்த கதவு ஸ்பீக்கர் ஒரே வேலையில் நின்றது. குரல் தெளிந்தது இந்தக் கட்டத்தில்தான். கதவு ஸ்பீக்கர்களையே மாற்றிவிடலாம் என்றிருந்த எண்ணமும் அத்தோடு போனது.

அதிர்வுச் சத்தங்களுக்கு மட்டும் முடிவில்லை. முதலில் நம்பர் பிளேட். பிறகு டிக்கி மூடி, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு, ஜாக்கி, ஸ்பேனர் பை. ஒன்றை அடக்கினால் அதுவரை அதன் மறைவில் இருந்த இன்னொன்று வெளியே வரும். 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே இருக்க, மற்றொருவர் ஒவ்வொரு பகுதியாகக் கையால் அழுத்திப் பார்ப்பதே வழி. தகடு தானே அதிர்ந்தால் பியூட்டைல் ஒட்டுத்தாள். இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று மோதினால் நடுவில் ஃபோம் அல்லது துணிப்பட்டை. இதை மாற்றிச் செய்தால் பலனில்லை, காருக்கு எடை கூடியதுதான் மிச்சம். குளிர் காலையில் கேட்காத கடகடப்பு வெயிலில் கேட்பதும் உண்டு. பிளாஸ்டிக் விரிகிறது, சுருங்குகிறது. வருடத்துக்கொரு முறை இந்த வேட்டை தேவைப்படுகிறது. பெட்டியின் திருகாணிகளையும் அப்போதே முடுக்கிவிடுவேன், அவை தளர்கின்றன.

சப்வூஃபரிலோ ஆம்ப்பிலோ இதுவரை பழுது இல்லை. ஆம்ப்பைப் பெட்டியின் மேல் திருகாமல், காற்றுப் படும்படி பின்னிருக்கையின் முதுகில் பொருத்தியது உதவியிருக்கும். எரிபொருள் செலவில் வித்தியாசம் எதுவும் கண்ணில் படவில்லை. தெருவில் ஜன்னலைத் திறக்கும்போது பேஸைக் குறைத்துக்கொள்ள, கைக்கெட்டும் இடத்தில் ஒரு தனித் திருகு வைத்திருக்கிறேன். பாட்டைப் பொறுத்து அதைத் தொடாத நாளே இல்லை. சிலர் தாளத்தைக் கம்பளி போர்த்திப் பதிவு செய்கிறார்கள், சிலர் சுத்தியலால் அடிக்கிறார்கள்; ஒரே அமைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

டிக்கி இடத்தைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. பெட்டி போனால்தான் பெரிய பயணப்பை உள்ளே வரும். அதற்காக ஸ்பீக்கர் வயரில் சட்டென்று கழற்றும் இணைப்பு போட்டு, பெட்டியை இரண்டு கொக்கிகளில் மட்டும் நிறுத்தியிருக்கிறேன். கட்டாமல் மட்டும் வைத்துவிடாதீர்கள். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் அது, சடன் பிரேக்கில் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. பெட்டி இல்லாத பயணங்களில் கெபாசிட்டர் தடுப்பதால் பாட்டு மெலிந்துபோகிறது. அதைத் தாண்டிச் செல்ல ஒரு சுவிட்ச் வைக்கலாம். ஆனால் கதவுப் பலகைகளை மறுபடியும் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு கிளிப்புகள் உடைகின்றன. அந்த வேலை தள்ளிக்கொண்டே போகிறது.