அல்சூரில் ஃபோர்க் சர்வீஸ்: மக்னீசியம் தெரிந்த கை

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை ஆட்டினால், முன்சக்கரத்தைப் பிடித்து மேடுபள்ளத்துக்கு ஏறி இறங்கிக் கொடுக்கும் ஃபோர்க்கில் 'டக் டக்'கென்று ஆட்டம். நந்தி மலையடிவாரச் செம்மண்ணில் நாலு வருஷம் ஓடிய வண்டி. முதலில் போன ஷோரூமில், "மக்னீசியம் சார், தேஞ்சா அவ்வளவுதான், புதுசு போட்டுடுங்க" என்று 45,000 ரூபாய் சொன்னார்கள்.

மனசு கேட்கவில்லை. பெங்களூரு அல்சூரில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணனுக்கு ஓசூர் பக்கம். கழற்றி வைத்துவிட்டு, "குழாய் தேயல தம்பி, புஷ்தான் தேஞ்சிருக்கு" என்றார். வெளிக்குழாய் இரண்டும் மக்னீசியக் கலவை வார்ப்புதான். ஆனால் உள்குழாய் ஏறி இறங்குவது அதன்மேல் இல்லை, உள்ளே இறுக்கியிருக்கும், டெஃப்லான் பூசிய புஷ் என்கிற வளையத்தின்மேல். அந்தச் சாம்பல் பூச்சு ஒரு பக்கம் போய், அடியில் வெண்கல நிறம் பளிச்சென்று தெரிந்தது.

மக்னீசியமும் தேய்ந்துதான் இருந்தது, வேறு இடத்தில். பிரேக் திரவம் போகும் ஹோஸ் உரசிய இடத்தில் நகம் இறங்குகிற பள்ளம். இவ்வளவு மெத்தென்ற ஹோஸ் உலோகத்தை அறுக்குமா? "தடவிப் பாருங்க" என்றார். மண்துகள் பதிந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் 1.74 கிராம்தான், அந்த லேசுக்காகத்தான் இதில் வார்க்கிறார்கள். ஆனால் அலுமினியத்தின் ஆக்சைடு தோல் மாதிரி இறுக்கமாக மூடிக்கொள்ளும். மக்னீசிய ஆக்சைடோ, தான் உருவான உலோகத்தைவிடக் குறைந்த இடத்தையே அடைக்கும். அதனால் முழுசாக மூடாது. பெயிண்ட் போன இடத்தில் மழைத்தண்ணீர் பட்டு வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பொடி உதிர உதிர, அடியில் புது உலோகம் உரசலுக்கு வரும்.

அவர்மேல் எனக்கு மரியாதை வந்த இடம் இது: பள்ளத்தைச் சுத்தம் செய்ய கிரைண்டரைத் தொடவே இல்லை. மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈரமில்லாத மணல்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கையாலேயே பொறுமையாகத் தேய்த்து எபாக்ஸி பிரைமர் அடித்தார்.

புஷ், சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். குறை ஒன்று உண்டு. மூன்று நாள் என்றது எட்டு நாள் ஆனது, நாமாக போன் செய்தால்தான் தகவல் சொல்கிறார். வண்டியை எடுக்கும்போது ஹோஸ் ஃபோர்க்கில் படாதபடி கிளிப் மாட்டச் சொல்லுங்கள். கேட்டால்தான் போடுவார், தனிக்காசு வாங்குவதில்லை.