வழித்துணை தேடி நடக்க: கமினோவா, அப்பலாச்சியனா?

நல்ல மனிதர்களைச் சந்திப்பதற்காகவே நெடுந்தூரம் நடக்க ஆசையா? இந்த இரண்டு பாதைகளை யோசிக்கலாம்.

ஸ்பெயினின் கமினோ பிரான்செஸ், சாந்தியாகோ தேவாலயத்துக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை, சுமார் 780 கி.மீ. ஐந்து வாரத்தில் முடித்துவிடலாம். இரவு தங்க வழியெங்கும் யாத்ரீகர் விடுதிகள். முடிந்ததைக் கொடுத்துத் தங்கும் விடுதிகள் பலவற்றில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ‘நீங்கள் ஏன் நடக்கிறீர்கள்?’ என்று யாராவது கேட்பார்கள். முன்பின் தெரியாதவர் முதல் நாளே மனம் திறந்துவிடுவார். ஆனால் யாத்திரை முடித்த சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்தாலே போதும் என்பதால், சாரியா ஊரிலிருந்து கூட்டம் பெருகிவிடும். பழகிய முகங்களைத் தேட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை வேறு மாதிரி. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், சுமார் 3,500 கி.மீ., ஐந்து முதல் ஏழு மாதம். மூன்று பக்கம் மட்டும் சுவருள்ள மரக்கொட்டகைகளில் ஒரு குறிப்பேடு கிடக்கும். முன்னால் போனவர், பாதையில் கிடைத்த பட்டப்பெயரில், அடுத்த ஓடை வற்றிவிட்டது என்று எழுதியிருப்பார். பார்ப்பதற்கு முன்பே அவர் நமக்குத் தெரிந்தவராகிவிடுவார். 1955-இல் எம்மா கேட்வுட் பாட்டி 67 வயதில் இதைத் தனியாக நடந்து முடித்தார். கூடாரம்கூட இல்லை, கேன்வாஸ் ஷூ, தானே தைத்த பை, அவ்வளவுதான்! அவர் நடந்த பாதை என்பதே எனக்குப் பெரிய ஈர்ப்பு.

லீவு ஐந்து வாரம்தான் என்றால் சரி, கமினோ போங்கள். மழையிலும் பசியிலும் மாதக்கணக்கில் கூட வரும் நட்பு வேண்டுமென்றால் அப்பலாச்சியன்தான். மார்ச், ஏப்ரலில் ஜார்ஜியாவில் தொடங்கினால் துணைக்கு ஆள் நிறையவே கிடைப்பார்கள்.