மால்டா இடப்பக்கம், மாலத்தீவு வலப்பக்கம்: ஒரு நிலவரைபட நூலின் மதிப்புரை

தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கும் நான், தீவு நாடுகளுக்கென்றே தொகுக்கப்பட்ட நிலவரைபட நூல் ஒன்றைச் சென்ற ஆண்டு 1,250 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு நாட்டை இடப்பக்கத்திலும் அதற்கு இணையான மற்றொரு நாட்டை வலப்பக்கத்திலும் வைத்து, பரப்பளவையும் நிலப்பயன்பாட்டையும் ஒப்பிட்டுக் காட்டுவது அதன் நோக்கம். ஒரே ஒரு பதிப்பைத்தான் பார்த்திருக்கிறேன் என்பதால் பதிப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். வகுப்பில் நாங்கள் அதிகம் புரட்டியது மால்டாவும் மாலத்தீவும் எதிரெதிரே அமைந்த பக்கங்களை. ஆகவே அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

இந்த இணையைத் தேர்ந்தெடுத்தவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மால்டாவின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். மாலத்தீவின் நிலப்பரப்பு ஏறத்தாழ 298 சதுர கிலோமீட்டர். மால்டாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,19,562 பேர். மாலத்தீவின் 2022 கணக்கெடுப்பில், வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, 5,15,132 பேர். நிலமும் மக்களும் இவ்வளவு நெருக்கமாக ஒத்திருக்க, அந்த நிலம் பயன்படும் விதம் மட்டும் முற்றிலும் வேறுபடும் இப்படியொரு இணை ஆசிரியருக்கு எளிதில் வாய்க்காது.

மால்டாவின் பக்கம் அருமையாக அமைந்திருக்கிறது. 1:2,00,000 என்ற அளவுகோலில் மால்டா, கோசோ, கொமினோ ஆகிய மூன்று தீவுகளும் பக்கத்தை நிறைத்து நிற்கின்றன. நூலோடு வரும், ஐந்து மில்லிமீட்டர் கட்டங்கள் அச்சிட்ட ஒளிபுகும் தாளை அதன்மீது விரித்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர கிலோமீட்டர். மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து முழுக் கட்டங்களையும் பாதிக் கட்டங்களையும் எண்ணிக் கூட்டினார்கள். ஒரு குழுவுக்கு 309 வந்தது. பாடநூலில் படிக்கும் எண்ணைத் தம் கையாலேயே ஏறக்குறைய கண்டுபிடித்த அந்த மகிழ்ச்சிக்கே கொடுத்த பணம் தகும். நிலத்தில் ஏறத்தாழப் பாதி வேளாண்மைக்குரியது என்பதும், கட்டடங்கள் மூடிய பகுதியின் பங்கில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலேயே மால்டா முன்னணியில் நிற்கிறது என்பதும் வண்ணங்களைப் பார்த்தாலே விளங்குகின்றன. சரிவுகளில் மண்ணைத் தாங்கி நிற்கும், சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிய வரப்புச் சுவர்களுக்கும் நுண்ணிய கோடு கொடுத்திருக்கிறார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத அந்தச் சுண்ணாம்புக்கல் நாட்டில், வளமான மண்ணின்மீது கட்டடம் எழுப்பக் கூடாது, கட்ட வேண்டுமானால் மண்ணை அள்ளி வேறு வயலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 1973இல் சட்டமே இயற்றினார்கள். இந்தச் செய்தியை ஓரக்குறிப்பில் சேர்த்திருந்தால் அந்தக் கோடுகளின் பொருள் மாணவர்களுக்கு இன்னும் தெளிந்திருக்கும். நானே வகுப்பில் சொல்ல வேண்டியதாயிற்று.

வலப்பக்கத்துக்கு வந்ததும் ஒப்பீடு குலைந்துவிடுகிறது. வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 860 கிலோமீட்டர் நீளும் மாலத்தீவை அதே அளவுப் பக்கத்தில் அடக்குவதற்காக, அளவுகோலை 1:35,00,000 ஆகச் சுருக்கியிருக்கிறார்கள். அடியில் அதை அச்சிட்டிருக்கிறார்கள் என்றாலும், எதிரெதிரே இரண்டு படங்களைப் பார்க்கும் பிள்ளை முதலில் அளவுகோலைப் படிப்பதில்லை. தந்தை தோணியில் வெங்காயமும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றி மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குப் போய்வரும் ஒரு மாணவி, விரல்நுனியை அந்தப் பக்கத்தில் வைத்து, “சார், எங்கப்பா போற ஊரு இந்தப் புள்ளியா? மால்டா இவ்ளோ பெருசா இருக்கே?” என்று கேட்டாள். இரண்டு நாடுகளின் நிலமும் ஏறக்குறைய ஒரே அளவு என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. நூல் செய்ய வேண்டிய வேலைக்கு நேர்மாறானதை அந்தப் பக்கம் செய்திருந்தது.

நிலப்பயன்பாட்டு வண்ணங்களும் மால்டாவுக்காக வகுத்தவை; வயல், புதர், நகர், கல்குவாரி என்ற அந்தப் பகுப்பு மாலத்தீவுக்குப் பொருந்தவில்லை. ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 1972இல் தொடங்கிய சுற்றுலாவுக்காக ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் 150க்கும் மேற்பட்ட தீவுகளை முழுமையாக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே தீவுதான் நிலப்பயன்பாட்டின் அலகு: குடியிருப்புத் தீவு, விடுதித் தீவு, விமானநிலையத் தீவு, குப்பை கொட்டவே பயன்பட்ட திலஃபுஷி, தர்ப்பூசணிக்குப் பெயர்போன தொட்டூ என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். தீவுவாரியாக வண்ணம் கொடுத்திருந்தால் அந்த நாடு கண்முன் வந்திருக்கும். இந்தப் பக்கத்தில் எல்லாம் ஒரே பச்சைப் புள்ளி.

மாலே பகுதிக்குத் தனியாக ஒரு சிறுபடம் உண்டு, அது பழையது. 1997இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து உருவாக்கிய ஹுல்ஹுமாலேயின் முதற்பகுதி மட்டுமே அதில் இருக்கிறது. 2015இல் சேர்ந்த இரண்டாம் பகுதியும், அதை மாலேவுடன் இணைக்க 2018இல் திறந்த பாலமும் இல்லை. நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் வாழும் இடத்தைப் பற்றிய குறை இது என்பதால் பொறுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அடுத்த அச்சில் திருத்தும்படி பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

தாளும் தையலும் உறுதியானவை; நாற்பது பிள்ளைகள் புரட்டியும் ஒரு பக்கம்கூடக் கழன்று வரவில்லை. மால்டா போன்ற செறிந்த தீவுகளுக்காக வாங்குபவர்கள் தயங்காமல் வாங்கலாம். சிதறிய தீவுகளுக்காக வாங்குபவர்கள் கூடுதல் உழைப்புக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்தோம். மால்டாவின் அதே 1:2,00,000 அளவுகோலில் மாலத்தீவை வரைய 4.3 மீட்டர் நீளம் வேண்டியிருந்ததால், சார்ட் தாள்களை ஒட்டி வராந்தாச் சுவரில் நீளவாக்கில் மாட்டினோம். தலைமையாசிரியர் அறைக் கதவருகே வடகோடித் தீவுகள் தொடங்குகின்றன. ஒன்றரை மீட்டருக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மாலே. நிலநடுக்கோட்டைக் கடந்து அட்டு தீவுக்கூட்டம் குடிநீர்க் குழாயருகே முடிகிறது. அதன் கீழே, 13.5 சென்டிமீட்டர் நீளத்தில் மால்டாத் தீவை வெட்டி ஒட்டியிருக்கிறோம். அந்த மாணவி தன் தந்தையைப் பள்ளிக்கு அழைத்து வந்து, அந்த ஒரு சென்டிமீட்டரைத் தொட்டுக் காட்டினாள்.